இந்திய மரத்தொழிலின் போக்கைப் புள்ளிவிவரங்களிலிருந்து கண்டறிவது எப்படி?

நாட்டின் மரத்தொழில் வளர்கிறதா தேய்கிறதா என்ற கேள்வியைப் பெங்களூருவில் பலவகைத் தமிழர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மைசூரு சாலையை ஒட்டிய மரவாடிகளில் கணக்குப் பார்ப்பவர்கள், பீன்யாவில் மாடுலர் சமையலறைப் பட்டறை தொடங்க வங்கிக்குத் திட்ட அறிக்கை எழுதுபவர்கள், கல்லூரியில் பொருளியல் ஆய்வேடு எழுதும் மாணவர்கள் என அவர்களுடைய தேவைகள் வேறுவேறாக இருந்தாலும், தொடங்கும் இடம் ஒன்றாகவே இருக்கிறது. எங்கோ கிடைத்த ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டு, கோடு மேலே போனால் வளர்ச்சி, கீழே வந்தால் வீழ்ச்சி என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் கோட்டின் ஏற்ற இறக்கங்களில் கணிசமானவை ஆலைகளில் நிகழ்ந்தவையல்ல. எண்ணும் எல்லையிலும், அளக்கும் அலகிலும், நாட்டின் சட்டத்திலும் நிகழ்ந்த மாற்றங்களின் தடங்கள். அவற்றைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவதே உண்மையான போக்கு. பிரித்தெடுக்கும் வழியை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

எல்லையை வரைதல்

எந்த எண்ணையும் தேடுவதற்கு முன்னால், எவற்றையெல்லாம் எண்ணப் போகிறோம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். தேசியத் தொழில் வகைப்பாட்டின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் மரம் சார்ந்த உற்பத்தி மூன்று பிரிவுகளில் கிடக்கிறது: மரமும் மரப்பொருள்களும் 16ஆம் பிரிவிலும், காகிதமும் காகிதப் பொருள்களும் 17ஆம் பிரிவிலும், அறைகலன்கள் 31ஆம் பிரிவிலும் வருகின்றன. 16ஆம் பிரிவுக்குள் அறுவை ஆலைகளுக்கு 1610, வெனீர் எனப்படும் மெல்லிய மரத்தாள், பிளைவுட், துகள் பலகை ஆகியவற்றுக்கு 1621, கதவு சன்னல் போன்ற கட்டுமான மரவேலைக்கு 1622, மரப்பெட்டிகளுக்கு 1623, கூடை முதலிய மற்றவற்றுக்கு 1629 என்ற எண்கள் உள்ளன. 31ஆம் பிரிவை அப்படியே எடுத்துக்கொண்டால் இரும்பு நாற்காலியும் பிளாஸ்டிக் நாற்காலியும் கூடவே வந்துவிடும். மர அறைகலனை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் 31001 என்ற ஐந்திலக்க நிலை வரை இறங்கியாக வேண்டும்.

வெளியே நிற்பவற்றையும் கவனிக்க வேண்டும். சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் செய்யப்படும் தீப்பெட்டி, மரக்குச்சியை நம்பியிருந்தாலும், வேதிப்பொருள் பிரிவான 20இல்தான் கணக்கிடப்படுகிறது. பெங்களூருவில் 1916ஆம் ஆண்டு தொடங்கிய சந்தன எண்ணெய் உற்பத்திக்கும் அதே இடம்தான். மறுபக்கம், கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு நிறுவப்பட்டது. ஆனாலும் அதன் காகிதம் 17ஆம் பிரிவில் சேர்ந்து, உலக அளவிலான வன உற்பத்திக் கணக்கிலும் இடம்பெறுகிறது. இந்த எல்லைகளில் எதுவும் தவறல்ல. உங்கள் கேள்வி மரத்தைப் பற்றியதா, ஆலையைப் பற்றியதா என்பதைப் பொறுத்து எல்லையை நீங்களே முடிவுசெய்து, கடைசிவரை அதை மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம்.

மூன்று ஊற்றுகள், மூன்று குணங்கள்

நீண்டகாலத் தொடருக்கு முதலில் அணுக வேண்டியது ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பின் தரவுத்தளம். 1961 முதல் ஒவ்வொரு நாட்டின் உருட்டு மரம், விறகு, அறுத்த மரம், பலகைகள், கூழ், காகிதம் ஆகியவற்றின் உற்பத்தி அளவும் வணிக அளவும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. அறுபது ஆண்டுத் தொடர் கையில் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் ஒரு நெடுவரிசையை மட்டும் பலரும் நீக்கிவிடுகிறார்கள்: எண்ணுக்குப் பக்கத்தில் ஒற்றை எழுத்தாக நிற்கும் குறியீடு. அந்த எண் அரசு கொடுத்ததா, மதிப்பீடா, இட்டு நிரப்பியதா என்பதை அதுதான் சொல்கிறது. இந்தியாவுக்கு இது மிகவும் தேவை. தொழிலுக்கான உருட்டு மரம் ஏறக்குறைய 4.95 கோடி கன மீட்டர் என்றும், அறுத்த மரம் ஏறக்குறைய 69 லட்சம் கன மீட்டர் என்றும் பல ஆண்டுகளுக்கு அதே எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்தத் தட்டையான கோட்டைப் பார்த்து இந்திய மரத்தொழில் தேங்கிவிட்டது என்று எழுதுவது பெரும் பிழை. புதிய தகவல் கிடைக்காதபோது பழைய எண் நீடிக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. விறகின் அளவும் பெரும்பாலும் கணித மாதிரியைக் (model) கொண்டு கணித்த மதிப்பீட்டிலிருந்து வருவது. எனவே இத்தொடரில் அறிக்கையிடப்பட்ட ஆண்டுகளை ஒரு நிறத்திலும், மதிப்பீட்டு ஆண்டுகளை வேறொரு நிறத்திலும் குறித்த பிறகே வரைபடம் போடத் தொடங்குங்கள்.

இரண்டாவது ஊற்று, மத்திய புள்ளியியல் அமைச்சகம் நடத்தும் ஆண்டுத் தொழிற்சாலை ஆய்வு. மின்சாரத்துடன் 10 பேரோ, மின்சாரம் இன்றி 20 பேரோ வேலைசெய்யும், தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ் பதிவான ஆலைகளே இதன் அடிப்படை. உற்பத்தியின் மதிப்பு, உள்ளீட்டுச் செலவு, தொழிலாளர் எண்ணிக்கை, மதிப்புக் கூட்டல் (உற்பத்தி மதிப்பிலிருந்து உள்ளீட்டுச் செலவைக் கழித்து மிஞ்சுவது) ஆகியவற்றை மாநில வாரியாகவும் தொழில் வாரியாகவும் பெறலாம். ஆலை அளவிலான தரவையே பதிவிறக்கிக்கொள்ள வசதி இருக்கிறது. அப்படி எடுப்பவர்கள் ஒவ்வோர் ஆலைக்கும் கொடுக்கப்பட்டுள்ள பெருக்கெண்ணை, அதாவது அந்த ஆலை எத்தனை ஆலைகளின் சார்பாக நிற்கிறது என்று காட்டும் எண்ணை, பயன்படுத்தாமல் வெறுமனே கூட்டினால், சிறிய அறுவை ஆலைகள் பெரும்பாலும் கணக்கிலிருந்து மறைந்துபோகும். உணவு வேளாண்மை அமைப்பு நாட்காட்டி ஆண்டைப் பின்பற்றுகிறது, தொழிற்சாலை ஆய்வு ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓடுகிறது என்பதையும் இரண்டையும் ஒப்பிடும்போது மனத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, வணிக அமைச்சகத்தின் ஏற்றுமதி இறக்குமதித் தரவு. சுங்க வகைப்பாட்டில் 44ஆம் அத்தியாயம் மரம், 47 கூழ், 48 காகிதம். இவற்றுக்கு அப்பால் மாதந்தோறும் வரும் தொழில் உற்பத்திக் குறியீட்டெண் இருக்கிறது; ஆனால் 2011-12 அடிப்படையில் மரப்பொருள்களின் பங்கு நூற்றுக்கு 0.2ஐக்கூட எட்டவில்லை. சிறிய மாதிரியில் எழும் மாதாந்தர ஏற்ற இறக்கத்தை வைத்து நீண்டகாலப் போக்கைப் பேசாமல் இருப்பதே நல்லது.

வகைப்பாட்டு முறிவுகளை ஒட்டுதல்

தொழிற்சாலை ஆய்வின் பழைய தொகுதிகளைத் திறந்தால், 1987ஆம் ஆண்டு வகைப்பாட்டில் மரமும் அறைகலனும் சேர்ந்து 27ஆம் பிரிவாகவும், காகிதமும் அச்சுத்தொழிலும் பதிப்பும் சேர்ந்து 28ஆம் பிரிவாகவும் இருப்பதைக் காணலாம். 2004ஆம் ஆண்டு வகைப்பாட்டில் மரம் 20, காகிதம் 21, அறைகலன் 36 என மாறின. 2008ஆம் ஆண்டுக்குப் பிறகு மேலே சொன்ன 16, 17, 31. ஒரே எண் இருக்கிறதே என்று பழைய 20ஐயும் புதிய 20ஐயும் ஒட்டிவிட்டால், அறுவை ஆலைக்குப் பின்னால் வேதிப்பொருள் ஆலை வந்து நிற்கும்.

ஒட்டும் முறை எளிது, பொறுமைதான் தேவை. புள்ளியியல் அமைச்சகம் வெளியிட்டுள்ள பொருத்த அட்டவணையைக் கொண்டு, பழைய பிரிவின் எந்த உட்பிரிவு புதிய பிரிவின் எந்த உட்பிரிவுக்குப் போனது என்று மூன்று அல்லது நான்கு இலக்க நிலையில் இணைக்க வேண்டும். இணைக்க முடியாதவற்றை, உதாரணமாகப் பதிப்புத் தொழிலோடு கலந்துவிட்ட பழைய காகிதக் கணக்கை, வலிந்து ஒட்டாமல் அந்த ஆண்டில் கோட்டை முறித்துவிட்டு அடுத்த தொடரைத் தனிக்கோடாகத் தொடங்குவது நேர்மையானது. முறிந்த கோட்டைக் கண்டு வாசகர் கேள்வி கேட்பார்; கேட்கட்டும்.

ரூபாயிலிருந்து விலையைக் கழித்தல்

தொழிற்சாலை ஆய்வின் எண்கள் அந்தந்த ஆண்டின் ரூபாயில் இருக்கின்றன. ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு ஆண்டுகளில் பிளைவுட் உற்பத்தியின் மதிப்பு 100 கோடியிலிருந்து 300 கோடியாகிறது. அதே காலத்தில் அதன் மொத்த விலைக் குறியீட்டெண் இரண்டு மடங்காகிறது. மதிப்பை மட்டும் பார்த்தால் ஆண்டுக்கு 9.6 விழுக்காடு கூட்டு வளர்ச்சி. விலையை நீக்கினால் 300 கோடி 150 கோடியாகச் சுருங்கி, வளர்ச்சி 3.4 விழுக்காடாகிறது. இரண்டாவது எண்தான் ஆலையின் கதை. விலையை நீக்க ஒட்டுமொத்தக் குறியீட்டெண்ணைப் பயன்படுத்தாமல் மரப்பொருள்களுக்கென உள்ள தனிக் குறியீட்டெண்ணையே பயன்படுத்துங்கள். எண்ணெய் விலையும் உணவு விலையும் மரத்தின் விலையோடு சேர்ந்து நடப்பதில்லை.

இன்னொன்று, மொத்த உற்பத்தி மதிப்புகளைக் கூட்டாதீர்கள். ஒரே மரம் வெனீர் ஆலையில் ஒருமுறையும், பிளைவுட் ஆலையில் ஒருமுறையும், அறைகலன் பட்டறையில் ஒருமுறையும் விலையாகப் பதிவாகிறது. மூன்றையும் கூட்டினால் ஒரே மரத்தை மூன்று முறை எண்ணியதாகும். பிரிவுகளைக் கூட்ட வேண்டிய இடங்களில் மதிப்புக் கூட்டலை மட்டுமே கூட்ட வேண்டும்.

அளவைகளைச் சமன்செய்தல்

மரவாடிக் கணக்கையும் அரசுக் கணக்கையும் ஒப்பிடுபவர்கள் இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. பல மரவாடிகளில் உருட்டு மரத்தைச் சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கிக் கன அடி சொல்கிறார்கள். நான்கு அடிச் சுற்றளவும் பத்து அடி நீளமும் உள்ள மரத்துக்கு இம்முறையில் 10 கன அடி கிடைக்கும். வட்ட வடிவின்படி கணக்கிட்டால் அதே மரம் 12.73 கன அடி. ஒரு கன மீட்டருக்கு 35.31 கன அடி என்று நேராக மாற்றினால் முதலாவது 0.283 கன மீட்டராகவும் இரண்டாவது 0.360 கன மீட்டராகவும் வரும். நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இந்த வேறுபாடு, பல ஆண்டு வளர்ச்சியையே விழுங்கிவிடக்கூடியது.

பிளைவுட்டின் நிலை வேறு. ஆலைகள் பழங்காலந்தொட்டு 4 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சமமான சதுர மீட்டரில் உற்பத்தியைச் சொல்லிவந்திருக்கின்றன. அப்படிச் சொல்லப்பட்ட 250 சதுர மீட்டர் ஒரு கன மீட்டருக்குச் சமம். கடையில் பார்க்கும் 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள எட்டுக்கு நான்கு அடிப் பலகைகள் ஏறக்குறைய 19 சேர்ந்தால் ஒரு கன மீட்டர் ஆகும். காகிதத்துக்கு டன் போதும்.

சட்டத்தின் ஆண்டுகளைக் கோட்டின்மேல் குறித்தல்

இதுவரை சொன்னவை கணக்கின் சுத்தம். போக்கைப் புரிந்துகொள்வது இனிமேல்தான் தொடங்குகிறது. இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்திய மரத்தொழிலின் அரை நூற்றாண்டு வரலாறு, மூலப்பொருள் காட்டிலிருந்து வயலுக்கு இடம்பெயர்ந்த வரலாறு. சட்டமும் நீதிமன்றமும் அதை நகர்த்தின.

வனப் பாதுகாப்புச் சட்டம் 1980ஆம் ஆண்டு வந்தது. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, காட்டு மரத்தை ஆலைகளுக்குச் சலுகை விலையில் தருவதை நிறுத்த வேண்டும் என்றும், ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு சேர்ந்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. இவற்றைக் குறித்த பிறகு, 1996 டிசம்பர் 12 என்ற நாளைத் தடித்த கோடாக வரையுங்கள். நீலகிரி மாவட்டம் கூடலூரில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து 1995ஆம் ஆண்டு கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் அன்று வந்த இடைக்கால ஆணை, ஒரு தாலுகாவின் எல்லையைக் கடந்து நாடு முழுவதற்கும் பொருந்தியது. காடு என்பதற்கு அகராதிப் பொருளையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும், அனுமதிக்கப்பட்ட செயல்திட்டம் இன்றிக் காட்டில் மரம் வெட்டக்கூடாது என்றும் நீதிமன்றம் கூறியது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே செல்வது தடுக்கப்பட்டது; அங்கே பல அறுவை ஆலைகளும் பிளைவுட் ஆலைகளும் மூடப்பட்டன. 2002ஆம் ஆண்டின் ஆணையால் புதிய ஆலைகளுக்கு முன் அனுமதி கட்டாயமாயிற்று. 2016ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட மரத்தொழில் வழிகாட்டு நெறிகள் அந்த உரிமம் வழங்கும் பொறுப்பை மாநில அளவிலான குழுக்களிடம் கொண்டுவந்தன.

இத்தனை பெரிய திருப்பத்தை நாடு தழுவிய ஒற்றைக் கோட்டில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். மாநில வாரியாகப் பிரித்துப் பார்த்தால்தான் கதை வெளிப்படும். தேயிலைப் பெட்டிக்குப் பலகை செய்துவந்த அசாமின் பங்கு தேய, பாப்ளர் மரத்தை விவசாயிகள் வரப்பிலும் வயலிலும் வளர்த்த ஹரியானாவின் யமுனா நகரும், வயதான ரப்பர் மரங்களைப் பயன்படுத்திய கேரளத்தின் பெரும்பாவூரும் எழுந்தன. நமக்கு அருகில், குடகு, சிக்கமகளூரு காப்பித் தோட்டங்களின் நிழல் மரமான சில்வர் ஓக் பிளைவுட்டுக்குப் போகிறது. கோலாரிலும் பெங்களூரு ஊரகத்திலும் பரவலாக நடப்பட்ட தைல மரத்தைப் புதிதாக நடுவதற்குக் கர்நாடக அரசு 2017ஆம் ஆண்டு தடை விதித்தது. நட்ட மரம் வெட்டுக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் இத்தகைய ஆணையின் விளைவு அந்த ஆண்டில் அல்ல, பிந்திய ஆண்டுகளில்தான் ஆலையின் வாசலை எட்டும். ஆகவே ஒவ்வொரு சட்டக் குறியீட்டுக்கும் பக்கத்தில், மரத்தின் வளர்ச்சிக் காலத்தைக் கணக்கிட்டு, எதிர்பார்க்கும் தாமதத்தையும் எழுதிவையுங்கள்.

காடு எவ்வளவு தருகிறது, வயல் எவ்வளவு தருகிறது என்பதை இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. 2011ஆம் ஆண்டு அறிக்கை, அரசுக் காடுகளிலிருந்து ஆண்டுக்கு 31.75 லட்சம் கன மீட்டர் மரமும், காட்டுக்கு வெளியே உள்ள மரங்களிலிருந்து ஏறக்குறைய 4.28 கோடி கன மீட்டர் மரமும் கிடைப்பதாக மதிப்பிட்டது. 2023ஆம் ஆண்டு அறிக்கையில் காட்டுக்கு வெளியேயான மரங்களிலிருந்து ஆண்டுக்குக் கிடைக்கக்கூடிய மரம் 9.15 கோடி கன மீட்டர் என்றிருக்கிறது. இரண்டையும் இணைத்து உற்பத்தி இரண்டு மடங்காகிவிட்டது என்று எழுதத் தோன்றும். அப்படி எழுதும் முன் இரு அறிக்கைகளின் மதிப்பீட்டு முறைகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். இவை வளர்ந்து நிற்கும் மரங்களைக் கொண்டு கணித்த மதிப்பீடுகள், ஆலையின் எடை மேடையில் அளந்த எண்கள் அல்ல.

இறக்குமதியோடு சரிபார்த்தல்

உள்நாட்டு உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி ஏற்றுமதியைக் கழித்தால் தோராயமான நுகர்வு கிடைக்கும். இதைச் சுங்க எண் வாரியாகச் செய்ய வேண்டும்: உருட்டு மரம் 4403, அறுத்த மரம் 4407, வெனீர் 4408, துகள் பலகை 4410, மர இழைகளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை 4411, பிளைவுட் 4412. ஏன் இத்தனை நுணுக்கம் என்றால், பிற நாடுகளின் சட்டங்களும் நம் கோட்டை வளைக்கின்றன. இந்தோனேசியா 1985ஆம் ஆண்டும், காபோன் 2010ஆம் ஆண்டும், மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதலும் உருட்டு மர ஏற்றுமதியைத் தடைசெய்தன. மியான்மர்த் தேக்கு வரத்து நின்றபோது 4403 சரிந்திருப்பதை மட்டும் பார்ப்பவர், தேவையே குறைந்துவிட்டதாக நினைப்பார். உண்மையில் இந்திய நிறுவனங்கள் மியான்மரிலும் காபோனிலும் வெனீர் ஆலைகளை நிறுவி, அங்கேயே உரித்த முகப்பு வெனீரை இங்கே கொண்டுவந்தன. ஆகவே அந்தச் சரிவின் ஒரு பகுதி 4408இல் ஏற்றமாகத் திரும்பி வருகிறது.

காகிதத்துக்கு 4707 என்ற எண்ணை மறக்க வேண்டாம். பழைய காகிதம் அதில்தான் வருகிறது. இந்தியக் காகிதத்தின் பெரும்பகுதி இன்று பழைய காகிதத்திலிருந்து செய்யப்படுவதால், காகித உற்பத்தி கூடியதைக் கொண்டு மரக்கூழின் தேவையும் அதே அளவு கூடியது என்று முடிவுகட்ட முடியாது.

பதிவுக்கு வெளியே உள்ள பட்டறைகள்

பத்துப் பேருக்குக் குறைவாக வைத்து நடக்கும் தச்சுப் பட்டறைகள் தொழிற்சாலை ஆய்வில் வருவதில்லை. அவற்றுக்கு 2010-11, 2015-16 ஆகிய ஆண்டுகளின் தேசிய மாதிரி ஆய்வுகளும், 2021-22 முதல் நடக்கும் பதிவுபெறாத நிறுவனங்களின் ஆண்டு ஆய்வும் உள்ளன. பெங்களூருவில் இதன் தேவையைக் கண்ணாலேயே பார்க்கலாம். முன்பு அடுக்ககம் ஒன்றுக்கு அலமாரி வேண்டுமென்றால் தச்சர்கள் வீட்டுக்கே வந்து, பிளைவுட்டை அறுத்து, வாரக்கணக்கில் தங்கி முடித்துக் கொடுத்தார்கள். இன்று அதே அலமாரி பீன்யாவிலோ பொம்மசந்திராவிலோ உள்ள ஆலையில் இயந்திரத்தில் வெட்டப்பட்டு வருகிறது. அலமாரியின் எண்ணிக்கை கூடாவிட்டாலும், வேலை வீட்டுக் கூடத்திலிருந்து பதிவான ஆலைக்கு நகர்ந்ததால் 31001இன் கோடு ஏறும். பதிவான துறையின் வளர்ச்சியை மட்டும் எழுதினால், வேலை இழந்த தச்சர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத வளர்ச்சிக் கதையை எழுதியவர்களாவோம். இனி வரும் ஆண்டுகளில் இது மேலும் சிக்கலாகலாம். 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஆலை என்பதற்கான வரம்பை 20 பேர், 40 பேர் என உயர்த்தியிருக்கிறது. ஆய்வின் எல்லை அதன்படி மாறுகிறதா என்பதை ஒவ்வோர் ஆண்டு அறிக்கையின் முன்பக்கக் குறிப்பிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரைதலும் எழுதுதலும்

எல்லாம் தயாரானதும், வளர்ச்சி விகிதத்துக்கு இரண்டு ஆண்டுகளை மட்டும் தேர்ந்தெடுக்காமல், தொடக்கத்திலும் முடிவிலும் மூன்றாண்டுச் சராசரியை எடுங்கள். தொற்றுக்காலமான 2020-21ஐத் தொடக்கமாக வைத்தால் எந்தத் தொழிலும் பாய்ந்து வளர்ந்ததாகவும், முடிவாக வைத்தால் எந்தத் தொழிலும் நொடிந்ததாகவும் தெரியும். ஒரே வரைபடத்தில் அளவையும் மதிப்பையும் இரண்டு செங்குத்து அச்சுகளில் போடாமல், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே ஆண்டு அச்சில் இரண்டு படங்களாகப் போடுவது வாசகருக்கு உதவும். சட்ட ஆண்டுகள் இரண்டு படங்களையும் ஊடறுத்துச் செல்லும் செங்குத்துக் கோடுகளாக இருக்கட்டும்.

பெங்களூருவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மல்லேசுவரத்தில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும், இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் தென் மண்டல அலுவலகமும் இந்நகரிலேயே இயங்குகின்றன. வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு மரவாடி ஒன்றில் நீண்டகாலம் இருக்கும் ஒருவரிடமும் காட்டுங்கள். எந்த ஆண்டில் எந்த மரம் வரத்து நின்றது, எந்த ஆண்டில் நியூசிலாந்துப் பைன் வந்து இறங்கத் தொடங்கியது என்று அவர் சொல்வது உங்கள் கோட்டோடு ஒத்துப்போகாவிட்டால், கோட்டைத் திருத்தும் முன் வகைப்பாடு, அலகு, விலை என்ற மூன்றையும் மறுபடி பாருங்கள். அதன் பிறகு, ஒவ்வொரு படத்தின் கீழும் எந்த வகைப்பாட்டு எண், எந்த அலகு, எந்த ஆண்டின் விலை, எந்த ஆண்டுகள் மதிப்பீடு, யார் கணக்கில் இல்லை என்ற ஐந்தையும் இரண்டு வரிகளில் எழுதிச் சேர்த்த பிறகு அறிக்கையை அனுப்புங்கள்.